குளிர்ந்த பின்னங்கால்

"காலுக்கு ரத்தமே ஓடலை மேடம்," என்றார் பரஞ்சோதி.

இருபத்தாறு வருடம் மாட்டு டாக்டராக இருந்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் நாய்களுக்கு முதுகெலும்பு ஆபரேஷன் கற்க வந்தவர். கற்றுத்தரும் டாக்டர் வான்மதிக்கு முப்பத்தாறு. அவர் வாய் திறந்தால் திட்டு. திறக்காவிட்டால் அதைவிடப் பெரிய திட்டு.

இன்று மேஜையில் கிடந்தது பரஞ்சோதியின் சொந்த நாய். நீள முதுகு, குட்டைக் கால். பெயர் சுருட்டு. நேற்றுக் காலை சோபாவிலிருந்து குதித்தது. அதன்பின் பின்னங்கால்கள் எழவில்லை.

"தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு. நேத்துப் பூரா ஒத்தடம் கொடுத்தேன். கம்பளி சாக்ஸ் போட்டேன். சூடே ஏறலை."

வான்மதி தொடவில்லை.

"தொடை இடுக்குல நாடி பாருங்க."

பார்த்தார். நாடி நன்றாகவே அடித்தது.

"ரத்தம் வந்திருக்கே சார். அப்புறம் யாரு வரலை?"

பரஞ்சோதி குளிர்ந்த காலை மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"ரத்தக்குழாய் சுருங்கணுமா, விரியணுமான்னு சொல்றது நரம்பு. முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க் பிதுங்கி, அந்த நரம்பு வர்ற வழியை அழுத்துது. ரத்தம் நிஜமாவே குறையுற இடம் அங்க, தண்டுவடத்துக்குள்ள. நீங்க ஒரு நாள் பூரா சாக்ஸ் மாட்டிட்டு இருந்திருக்கீங்க."

அடுத்தவர் நாயாக இருந்தால் இதைப் பரஞ்சோதியே சொல்லியிருப்பார். சொந்த நாய் என்றதும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது.

"ஆபரேஷன் பண்ணினா நடக்குமா மேடம்?"

"கால்ல வலி தெரிஞ்சா, நடக்க நிறைய வாய்ப்பு இருக்கு. தெரியலைன்னா ரொம்பக் கம்மி. கிள்ளிப் பாருங்க."

கிள்ளினார். கால் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

"தெரியுது மேடம்! இழுக்குது!"

"கால் இழுக்குறது மூளைக்குத் தெரியாமலே நடக்கும். வலி தெரிஞ்சா நாய் திரும்பிப் பார்க்கும். தலை திரும்பிச்சா?"

திரும்பவில்லை. சுருட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வான்மதி ஓர் இடுக்கியை எடுத்து நீட்டினார்.

"இன்னொரு தடவை. இந்த வாட்டி தடவிக் கொடுக்காதீங்க."

"பாவம் மேடம். நீங்களே பண்ணிடுங்களேன்."

வான்மதி இரண்டு கைகளையும் கோட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஊர்ப்பட்ட மாடுகளுக்கு ஊசி குத்தியவர் இடுக்கியை வாங்கிக்கொண்டார். நாயின் கால்விரலை இடுக்கியில் வைத்து, எலும்புவரை அழுந்தும்படி நெரித்தார்.

சுருட்டு வீலென்று கத்தியது. உடம்பை வளைத்துத் திரும்பி, ஆறு வருடம் தனக்குச் சோறு போட்ட கையை ஒரே கவ்வு கவ்வியது.

இடுக்கி கீழே விழுந்தது. பரஞ்சோதி அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

வான்மதி ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்துவிட்டு, பஞ்சை எடுத்து வந்தார்.

"ரொம்ப வலிக்குதா சார்?"

"ரெண்டு பேருக்கும் மேடம்," என்றார் பரஞ்சோதி.