இலை எடுத்த சிவக்கொழுந்தார்

திருவன்னிவாயிலில், வன்னிநாதர் கோயிலின் தெற்கு மதிலை ஒட்டி ஒரு சந்து உண்டு. பொழுது புலரும் வேளையில் அந்தச் சந்தில் நனைந்த சாக்கை விரித்து உட்கார்ந்து, ஆலிலைகளை ஈர்க்கால் தைத்துக்கொண்டிருப்பார் சிவக்கொழுந்துப் பிள்ளை. சாப்பாட்டுக் கடைகளுக்கும் கோயில் பிரசாதத்துக்கும் தையல் இலை போடுவது அவர் பிழைப்பு. ஈர்க்கைக் குத்தும்போது ‘சிவ’ என்பார். முனையை ஒடிக்கும்போது ‘சிவ’ என்பார். குரல் கேட்காது, உதடு மட்டும் அசையும். தைத்து முடித்த ஒவ்வோர் இலையின்மீதும் முன்கையின் உட்புறத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். ஈர்க்கு நீட்டிக்கொண்டிருந்தால் அது தம் தோலைக் கீறட்டும், உண்ண வருகிறவர் விரலைக் கீறக்கூடாது என்பது அவர் எண்ணம். ஈசன் எந்த உருவில் பசித்து வருவான் என்று யாருக்குத் தெரியும்?

அவை இலை தைப்பதற்கென்று பிறந்த கைகள் அல்ல. கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக நெல் மண்டி நடத்திய குடும்பம் அது. கொடுத்துப் பழகிய குடும்பம். கொடுத்ததை வெளியே சொல்லிப் பழகாத குடும்பம். சித்திரைச் சதயத்தன்று, ஊருக்கு வரும் அடியார்களையும் பரதேசிகளையும் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து அன்னமிடும் மகேசுவர பூசை அவர்களுடைய உபயம். அந்த ஒரு வேளைச் சோற்றை நம்பி நெடுந்தொலைவிலிருந்து நடந்து வருகிறவர்கள் உண்டு. சிவக்கொழுந்தார் தலையெடுத்த பிறகும் அதில் குறைவு வந்ததில்லை.

பிறகு ஆற்றில் தண்ணீர் வராத காலம் வந்தது. முன்பணம் வாங்கிய குடியானவர்களால் நெல் கொடுக்க இயலவில்லை. வீடு வீடாக ஆள் அனுப்பும்படி கணக்கப்பிள்ளை சொன்னபோது, “காஞ்சு கெடக்கிற வயலக் கண்ணால பாத்துட்டு வந்தேன். இனிமே எந்த வாயால கேக்கிறது?” என்று சொல்லிவிட்டார். மழை திரும்பி வந்தது. வியாபாரம் திரும்பி வரவில்லை. ரயிலடி உள்ள பக்கத்து ஊருக்கு மண்டிகளெல்லாம் இடம் மாறிவிட்டிருந்தன. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று கேட்கும்வரை சிவக்கொழுந்தார் காத்திருக்கவில்லை. அவரைத் தாமே அழைத்து, உட்காரவைத்து மோர் கொடுத்து, வீட்டுச் சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார். 

சந்துக்குள் ஓர் அறையில் குடியேறிய அன்று, அவர் மனைவி உலகாம்பாள் அடுப்புக்கு மூன்று கல்லைத் தேடி எடுத்துவந்து வைத்தார்.

“ஏங்க, உங்களுக்குப் பயமா இல்லியா?”

“இருக்கு உலகா. இல்லாமப் போகுமா?”

“பின்ன, முகத்துல ஒண்ணையும் காணோமே?”

“பயம் பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்திருக்கட்டும். அதுக்குன்னு நாம வேலைய விட்டுட்டு அதுகூடப் பேசிக்கிட்டு இருக்க முடியுமா? நீ ஒல வையி. நான் திருநீறு இட்டுக்கிட்டு வரேன்.”

அவர் கல்லால் ஆன மனிதர் அல்லர். முதன்முறை இலைக்கட்டைத் தலையில் சுமந்து கடைத்தெருவுக்குப் புறப்பட்டபோது, வழியில் தாம் பிறந்து வளர்ந்த வீடு தெரிந்தது. பக்கத்துத் தெருவில் நுழைந்து சுற்றிக்கொண்டு போனார். அன்று மாலை சன்னிதியில் நின்று, குருக்கள் பார்க்காத பக்கமாக முகத்தைத் திருப்பி அழுதார். மறுநாள் நேர்த் தெருவிலேயே நடந்தார். அந்த வீட்டு வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், “படியோரம் பாசி புடிக்கும்மா, மழையில பாத்து எறங்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏளனத்துக்கும் குறைவில்லை. சாப்பாட்டுக் கடை வாசலில் நின்ற பழைய தரகன் ஒருவன் உரக்கக் கேட்டான். “வாங்க மொதலாளி! இன்னிக்கு எத்தன வண்டி எல வந்திருக்கு?”

“வண்டி ஏதுப்பா, தலச்சுமைதான். தல இருக்கிறவரைக்கும் வாடகை மிச்சம்” என்றார் சிவக்கொழுந்தார். கடைக்காரர் சிரித்தார். தரகனும் சிரித்துவிட்டான்.

மீண்டும் சித்திரை நெருங்கியது. சந்துக்குள் குனிந்து வந்தார் அவருடைய பெரியப்பா மகன் பஞ்சநதம் பிள்ளை. பங்காளிகளில் மூத்தவர், வீம்புக்காரர். தம்பி இலை சுமக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கம் அவர் தலைகாட்டியதில்லை.

“கொழுந்து, சதயத்துக்கு என்ன செய்யப்போற?”

“என்னால முடியாது அண்ணே. மாசிலாமணிகிட்டப் போய் நடத்தித் தரச் சொல்லிக் கேக்கப்போறேன்.”

மாசிலாமணி, புதிதாக அரிசி ஆலை வைத்து வளர்ந்தவர். பஞ்சநதத்துக்கு முகம் சிவந்தது. “நேத்து மொளச்சவன் கிட்டயா? நம்ம வீட்டு எல விழாத எடத்துல இன்னொருத்தன் எல விழக் கூடாதுடா. நின்னுபோனா நின்னுபோவட்டும். பேராவது மிஞ்சும்.”

“பேரு மிஞ்சும் அண்ணே. நடந்து வந்தவனுக்குச் சோறு மிஞ்சாதே.”

“கேக்கிறதுதான் கேக்கிற, கடனாக் கேட்டு நம்ம பேர்லயே நடத்து.”

“திருப்பித் தர வழியில்லாதவன் வாங்கினா அது கடனா? சாமி பேரச் சொல்லித் திருடுறது.”

பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

யாரிடமும் கை நீட்டாத அந்தக் குடும்பத்தில் பிறந்தவர், மறுநாள் அரிசி ஆலை வாசலில் போய் நின்றார். தமக்காக அல்ல. மாசிலாமணி நாற்காலியை விட்டு எழவில்லை.

“நடத்துறேங்க. நல்ல காரியந்தானே? ஆனா உபயம் எம்பேர்லதான் இருக்கும்.”

“இருக்கட்டும்.”

“பந்தியில முன்னால நின்னு வரவேற்கிறதும் நான்தான்.”

“அதுவும் நீங்கதான். எனக்கு ஒரே ஒரு வேண்டுதல். சாப்பிட்ட எலைய எடுக்கிற வேலைய எனக்குக் கொடுத்துருங்க.”

மாசிலாமணி சிரித்துவிட்டார். “எல போட்டுக்கிட்டிருந்தவரு எச்சி எல எடுக்கிறீங்களா? காலம் எப்பிடி மாறுது பாத்தீங்களா!”

“மாறட்டுங்க. அடியார் சாப்பிட்ட எலைதானே, அது மாறலியே” என்று கும்பிட்டுவிட்டு வந்தார் சிவக்கொழுந்தார்.

சதயத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. வடக்கு வரிசையில் அடியார்களும் பரதேசிகளும் அமர்ந்தார்கள். தெற்கு வரிசையில் பஞ்சநதமும் பங்காளிகளும் வந்து உட்கார்ந்ததைக் கண்டு ஊரே வியந்தது. மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. தாமே ஓடி ஓடி நெய் பரிமாறினார். மண்டபத்தின் ஈசான மூலையில், வழக்கப்படி வன்னிநாதருக்கென்று ஒரு பலகை போட்டு, அதன் முன் இலை விரித்து, குத்துவிளக்கேற்றி, எல்லாப் பதார்த்தமும் படைத்துத் திரை கட்டியிருந்தார்கள். பந்தி எழுந்ததும், உண்டவர்கள் மடித்த இலைகளின் முன் உபயக்காரர் விழுந்து வணங்குவார். பிறகு திரையை விலக்கி, சுவாமியின் இலையை மடித்து எடுத்துப் போய், படைத்ததெல்லாம் படைத்தபடியே பசுவுக்குக் கொடுப்பார். அந்த ஊரின் முறை அது.

பந்தி முடிந்தது. எல்லோரும் கை கழுவப் போனார்கள். வாசலில் மாசிலாமணி தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடையுடன் உள்ளே வந்தார் சிவக்கொழுந்தார். வடக்கு வரிசையைப் பார்த்தார். இலைகளை ஒழுங்காக, உண்டவர்கள் தம் பக்கமாக மடித்து வைத்திருந்தார்கள். தெற்கே திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பங்காளிகள் அத்தனை பேரும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நம் பக்கம் மடித்தால் மனம் நிறைந்தது, இந்த வீட்டுக்கு மறுபடி வருவேன் என்று பொருள். எதிர்ப்பக்கம் மடிப்பது இழவு வீட்டில்தான். ஒரு வரிசை முழுவதும் கைதவறி அப்படி மடிக்காது. உபயக்காரர் வந்து வணங்கும்போது, ஊர் பார்க்க அவர் முகத்தில் கரி பூசுவதற்குச் செய்த ஏற்பாடு அது. செய்தது தம் குடும்பம் என்பது சிவக்கொழுந்தாருக்குப் புரிந்தது. 

கூடையை வைத்தார். தெற்கு வரிசையின் முதல் இலை முன் மண்டியிட்டார். இலையை விரித்து, உள்ளிருந்த எச்சில் சோறு சிந்தாமல் ஒதுக்கி, உண்டவர் இருந்த பக்கமாக மடித்து வைத்தார். ரசமும் பாயசமும் மணிக்கட்டில் வழிந்தன. துடைக்கவில்லை. அடுத்த இலைக்கு முழங்காலாலேயே நகர்ந்தார். உதடு ‘சிவ’ என்று அசைந்துகொண்டே இருந்தது.

தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த பஞ்சநதம் பாய்ந்து வந்தார். “என்னடா பண்ற?”

“மடிப்பு மாறியிருக்கு அண்ணே. சரி பண்றேன்.”

“மாறல. நான்தான் அப்பிடி மடிக்கச் சொன்னேன்.”

“தெரியும் அண்ணே.”

“உனக்காகத்தான்டா செஞ்சேன்! நம்ம மானம்…”

“எனக்காகன்னா என்னை வந்து ரெண்டு அடி அடிங்க. சாமி சோத்த எழவுச் சோறு ஆக்காதீங்க.” கை நிற்கவில்லை, குரலும் உயரவில்லை. “மாசிலாமணி இதப் பாத்தா மனசு ஒடிஞ்சிருவாரு. அடுத்த வருசம் அடுப்பு மூட்ட மாட்டாரு. நம்மாலயும் முடியாது. அப்பறம் நடந்து வர்றவன் எங்கண்ணே போவான்? நம்ம மானம் அவன் வயித்துல இருக்கு.”

வாசலில் பேச்சுக்குரல் நெருங்கியது. வரிசையின் கோடியில் ஒரே ஓர் இலை மிச்சம். அது பஞ்சநதம் உண்ட இலை. சிவக்கொழுந்தார் அதை நோக்கி நகர்வதற்குள், அந்த வீம்புக்காரர் பட்டு அங்கவஸ்திரம் எச்சிலில் புரளக் குனிந்தார். பிறந்ததிலிருந்து எச்சில் இலையைத் தொட்டறியாதவர், தம் இலையைத் தாமே விரித்துத் தம் பக்கமாக மடித்தார். மடித்துவிட்டு நிமிர முடியாமல் தம்பியின் தோளைப் பற்றிக்கொண்டார்.

மாசிலாமணி ஊராரோடு உள்ளே வந்தார். இரண்டு வரிசைகளையும் கண் நிறையப் பார்த்தார். “பஞ்சநதம் அண்ணன் வீட்டாரே மனசு நெறஞ்சு சாப்பிட்டிருக்காங்க. எனக்கு இது போதும்” என்று சொல்லி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சிவக்கொழுந்தார் கூடையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

பிறகு மாசிலாமணி ஈசான மூலைக்குப் போய்த் திரையை விலக்கினார். விலக்கிய கை அப்படியே நின்றது.

சுவாமியின் இலை மடிக்கப்பட்டிருந்தது. ஆளில்லாத பலகையின் பக்கமாக, நிறைந்த மனத்தோடு ஒருவர் மடிப்பது போல மடிக்கப்பட்டிருந்தது. குத்துவிளக்கு நின்று எரிந்தது.

“யாருய்யா இத மடிச்சது? நான்தானே மடிக்கணும்?”

கோயிலின் முதிய ஓதுவார் முன்னால் வந்து இலையை விரித்தார். படைத்த அன்னம் இல்லை. கறிகள் இல்லை. கருவேப்பிலை மட்டும் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

திரையருகே நின்ற சமையல்காரர், யாரும் உள்ளே போகவில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். சிலருடைய பார்வை சிவக்கொழுந்தாரின் மேல் விழுந்தது. பஞ்சநதம் தம்பியின் கைகளைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். முழங்கைவரை ரசமும் பாயசமும் காய்ந்திருந்தன. சுவாமியின் இலைப்புறத்தில் ஒரு சொட்டுக் கறையும் இல்லை.

“தம்பி இந்தப் பக்கமே வரல” என்றார் பஞ்சநதம். “நாங்க செஞ்ச பாவத்த ஒவ்வொரு எலையாத் தொறந்து மாத்தி மடிச்சுக்கிட்டிருந்தான். நான் கூடவே நின்னேன்.” தாம் செய்ததையும் ஊரறியச் சொன்னார்.

மாசிலாமணி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். “ஐயா, இந்த எலைய எடுக்கிற யோக்கியதை எனக்கில்ல. நீங்க எடுங்க. உங்களோட நின்னு மத்த எலைய நான் எடுக்கிறேன்.”

சிவக்கொழுந்தார் கை கழுவிக்கொண்டு வந்து, அந்த வெறும் இலையை ஏந்தி, கண்ணில் ஒற்றி, தலைமேல் வைத்துக்கொண்டார். அப்போது ஓதுவார் பாடத் தொடங்கினார்.

மாலையில் சந்துக்குத் திரும்பியவரிடம் உலகாம்பாள் கேட்டார். “அத்தன வருசம் நாம ஆக்கிப் போட்டோம், ஒரு பருக்கை தொடல. மாசிலாமணி வீட்டுச் சமையல்தான் சாமிக்குப் புடிச்சிருக்கு போல?”

சந்துக்கு வந்த பிறகு சிவக்கொழுந்தார் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். “இருக்கும் உலகா. நம்ம ரசத்துல எப்பவும் புளி தூக்கலாத்தானே இருக்கும்?”

இழந்த செல்வம் அவருக்குத் திரும்ப வரவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் சதயத்தன்று மாசிலாமணி இலை போட்டார். சிவக்கொழுந்தாரும் பஞ்சநதமும் இலை எடுத்தார்கள். கெட்டபோதும் கலங்கி நின்றுவிடாமல், பிறர் மானத்தைத் தம் மானமாக ஏந்திய அந்தக் கைகளை நினைத்து வணங்குவோம். அவை எடுத்த இலையில் ஈசனே பசியாறினான் என்றால், அவற்றைவிடத் தூய கைகள் வேறு எவை?