நல்லதுக்குச் சொன்னது

“எல்லாமே செஞ்சேன் டீச்சர். அப்படியும் அவ நிக்கல” என்றார் பால்வண்ணன்.

உலகம்மாள் டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும் இளவயதுப் பிள்ளைகள், ஊர் உலகத்தோடு மறுபடி சேருவதற்கு முன்னால் கொஞ்ச காலம் தங்கிப் போகிற இல்லம் அது. தென்காசிக்கு வெளியே இருந்தது. நடத்துகிறவர் டீச்சர். பால்வண்ணன் வயதில் அவரைவிட மூத்தவர். குடியை விட்ட பிறகு, இந்த வேலையை உங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்து நின்றவர். பிள்ளைகளுக்கு வேலையும் தங்க இடமும் தேடித் தருவது அவர் பொறுப்பு.

அவர் முதன்முதலாக வெளியே அனுப்பி வைத்த பெண் வேல்கனி. இருபத்திரண்டு வயது. தையலில் கெட்டி.

“என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“கார்மெண்ட்ஸ்ல வேலை வாங்கிக் குடுத்தேன். ஹாஸ்டல் பாத்துக் குடுத்தேன். மாத்திரை தீராம பாத்துக்கிட்டேன். சூப்பர்வைசர்கிட்டயும் வார்டன்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லி வச்சேன்.”

கீரை உருவிய விரல் நின்றது.

“எல்லாத்தையும்னா?”

“அவளுக்குக் காதுல குரல் கேட்டது, ஆஸ்பத்திரியில கிடந்தது, எல்லாம்தான். பாவம், பாத்துக்கோங்கன்னு சொன்னேன்.”

“சொல்லலாமான்னு அவகிட்ட கேட்டீங்களா?”

“அவ நல்லதுக்குத்தானே டீச்சர் சொன்னேன்.”

“பாத்துக்கிட்டாங்களா?”

“நல்லாப் பாத்துக்கிட்டாங்க. கத்திரிக்கோலைக்கூட அவ கையில குடுக்கலையாம். காலையில வந்ததும், எல்லாரும் இருக்கையிலேயே, மாத்திரை போட்டியான்னு சூப்பர்வைசர் மறக்காம கேப்பாராம். ஹாஸ்டல்ல அவ ரூம்ல கூட இருந்த பிள்ளையை வார்டன் வேற ரூமுக்கு மாத்திட்டாங்களாம். இவ்வளவு கவனமா இருந்தும், ஒருநாள் சொல்லாம கொள்ளாம பையைத் தூக்கிட்டுப் போயிட்டா.”

டீச்சர் கீரையை முறத்தில் போட்டுப் புடைத்தார்.

அன்று மதியம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஒரு பாத்திரக்கடைக்காரர் வந்திருந்தார். அவர் மகனுக்குப் பிறந்தநாள். பால்வண்ணனும் அவரும் வாசலில் நின்று பேச ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் ரொம்ப நாள் பழகியவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். சோற்று அண்டா வேனில் இருந்தது.

“நீங்களே வேனை உள்ளே கொண்டாந்துருங்க அண்ணாச்சி” என்று கடைக்காரர் சாவியை நீட்டினார்.

டீச்சர் வெளியே வந்தார்.

“இவர் பால்வண்ணன். முன்னால ரொம்பக் குடிச்சுக்கிட்டு இருந்தார். சம்சாரம் விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப தொடுறதில்ல. நல்ல மனுஷர்தான். கொஞ்சம் பாத்துக்கோங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கடைக்காரர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இருக்கட்டும், நானே எடுத்துட்டு வாரேன்” என்றார். அதன்பிறகு பால்வண்ணனிடம் அவர் பேசியதெல்லாம் மெதுவாகவும் அன்பாகவும் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பால்வண்ணன் அன்று பந்தியில் உட்காரவில்லை. வேன் கிளம்பிப் போன பிறகுதான் டீச்சரிடம் வந்தார்.

“அதை ஏன் அவர்கிட்ட சொன்னீங்க?”

“உங்க நல்லதுக்குத்தான்.”

சொன்னவர் முகமும் வாடித்தான் இருந்தது.

பால்வண்ணன் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். கார்மெண்ட்ஸ் வாசல் ஞாபகத்துக்கு வந்தது. அவர் சூப்பர்வைசரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வேல்கனி பக்கத்திலேயே நின்றிருந்தாள். தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். புது இடம், வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருந்தார். அவள் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் டீச்சரிடம் சொன்னார்: “அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“கேட்டா யாருக்கு மனசு ஆறும்?”

ஆனாலும் அவர் புறப்பட்டார்.

வேல்கனியின் அம்மாவைப் பார்த்து விசாரித்தார். கடையநல்லூரில் ஒரு பேக்கரியில் இருக்கிறாள், வேலையை அவளாகவே கேட்டுச் சேர்ந்துகொண்டாள் என்று அந்த அம்மா சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உன்னைக் கேட்டிருக்கணும். நீ எங்க இருந்து வந்தேங்கிறதை நீதான் சொல்லணும், சொல்லாம இருக்கணும்னா அதுவும் உன் இஷ்டம்.

பேக்கரியில் சாயங்காலக் கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வேல்கனி நின்றிருந்தாள். நீளமான கத்தியால் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டே, கூட நின்ற பெண்ணிடம் என்னவோ சொல்ல, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வேல்கனி நிமிர்ந்தாள். அவரைப் பார்த்துவிட்டாள்.

கத்தி நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கார்மெண்ட்ஸ் வாசலில் பார்த்த அதே முகம்.

கல்லாவில் இருந்த முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யாரு வேல்கனி? தெரிஞ்சவங்களா?”

பால்வண்ணன் வாயைத் திறந்தார். பஸ்ஸில் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. அதில் எந்த ஒன்றை எடுத்தாலும், இந்தக் கடையில் யாருக்கும் தெரியாதது தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டார்.

“எங்க ஊர்க்காரங்க அண்ணாச்சி” என்றாள் வேல்கனி.

“ஊர்க்காரரா? அப்ப தேங்காய் பன் குடும்மா. இப்பத்தான் வந்துச்சு” என்றார் முதலாளி.

அவள் பன்னைப் பொட்டலம் கட்டினாள். நூல் சுற்றி நீட்டினாள்.

“வேற எதும் வேணுமா சார்?”

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். கூட நின்ற பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற ஒண்ணும் இல்லம்மா” என்றார் பால்வண்ணன்.