செவிட்டுச் சிப்பாயின் ராக்காவல்

பீரங்கி வெடித்ததில் சிப்பாய் வெயிலுமுத்துவுக்கு இரண்டு காதும் போய்விட்டன. தன் நிழலையே நம்பாத தளவாய் அதை நம்புவாரா?

“கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாயே, செவிட்டு வேஷமா?”

“உதட்டசைவைப் பார்த்துச் சொல்கிறேன், எஜமான்.”

“புளுகாதே! எல்லைப் பாளையத்துக்குப் புறப்படு. அங்கே ராக்காவல் உனக்கு. அடையாளச் சொல் சொல்லாமல் எவன் நெருங்கினாலும் வெட்டிவிடு.”

இருட்டில் செவிடன் காவல் நின்றால், எதிரிக்கு முதல் பலி அவன்தான். வெயிலுமுத்து பணிவாகக் கும்பிட்டான்.

“உத்தரவு, எஜமான். முதல் ராத்திரி நீங்களே விளக்கில்லாமல் வந்து அடையாளச் சொல்லைச் சொல்லுங்கள். காதில் விழுந்தால் வழிவிடுகிறேன். விழாவிட்டால் உத்தரவுப்படி வெட்டுகிறேன். என் வேஷம் அம்பலமாகிவிடுமே!”

சுற்றி நின்ற வீரர்கள் தளவாயின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“லாயத்தில் ஆள் குறைவு. இவன் இங்கேயே இருக்கட்டும்.”

அப்போதும் அவர் சந்தேகம் தீரவில்லை. கழுத்தைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.