அடுப்பை அணைச்ச செவந்தி

கட்டுப் போட்ட முட்டியை ஆட்டாம கேளு, அல்லி. ஒரு எலும்புக்குள்ள ஒரு ஊரு. அந்த ஊர்ல செவந்தின்னு ஒரு குட்டி ரத்த செல்லு. கண்ணுக்கே தெரியமாட்டா. சுத்தி மெல்லிசா ஒரு தோலு, உள்ள கூழு மாதிரி தண்ணி. அந்தத் தண்ணியில குட்டிக் குட்டி அடுப்பு கணகணன்னு எரியும். நெசவுக்காரங்க இரும்பை வச்சு சடக் சடக்குன்னு, மூச்சைப் பிடிச்சு வைக்கிற சிவப்பு நெய்வாங்க. நடுவுல ஒரு உருண்டை, அதுதான் உட்கரு. அவ தோல் கிழிஞ்சா எப்படித் தைக்கணும்ங்கறது அதுக்குத்தான் தெரியும்.

"ம்."

அப்போ ஒரு சேதி வந்துச்சு. "ஒரு பொண்ணு விழுந்துட்டா. முட்டியில ரத்தம் போச்சு. அங்க உள்ள செல்லுங்களுக்கு மூச்சு பத்தல. ஆள் அனுப்புங்க."

"நானா அது?"

நீயேதான். செவந்தி எழுந்து ஓடினா. அவளை வளர்த்த பெரியம்மா வழிய மறிச்சா.

"இவ்ளோ பெரிய உருண்டையோட அந்தச் சந்துல எப்படிடி நுழைவே? மூச்சை எங்க வைப்பே, தலையிலயா?"

"இதை விட்டா எனக்குக் கிழிசல் தைக்கத் தெரியாதே, பெரியம்மா."

"தெரியாதுதான். வேணாம்னா இரு. யாரும் ஏச மாட்டாங்க."

செவந்தி அதை ஒரு தடவை கட்டிப் பிடிச்சா. அப்புறம் உருண்டையை வெளியே தள்ளினா. பொளக்! பெரியம்மா அதை வாயில வாங்கிக்கிட்டா.

அப்புறம் நெசவு முடிஞ்சுது. நெசவுக்காரங்களும் போயிட்டாங்க.

அப்போ பெரியம்மா சொன்னா, "அடுப்பையும் அணை."

"அய்யோ, அது எதுக்கு?"

"அது மூச்சைத்தான்டி திங்கும். சுமக்கிறதை வழியிலேயே தின்னுட்டா முட்டிக்கு என்னத்தைக் குடுப்பே?"

ஒவ்வொண்ணா அணைச்சா. புஸ்... புஸ்...

"அவளுக்குப் பசிச்சா?"

வழியெல்லாம் சர்க்கரைத் தண்ணி ஓடும். அதுலயே காலம் தள்ளுவா.

அப்புறம் எலும்பை விட்டுக் கிளம்பி, நுரையீரல்ல மூச்சை அள்ளிக்கிட்டு, முட்டிச் சந்துல நெளிஞ்சு, மடங்கி, சரக்குன்னு நுழைஞ்சா. அங்க ஒரு தோல் செல்லு வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்துச்சு. குடுத்தா.

"இன்னும் இருக்கா?"

"இரு, கொண்டாறேன்."

இப்பவும் போயிட்டு வந்துக்கிட்டிருக்கா. காயம் ஆறும். பொருக்கு உதிரும். நீ மறந்துடுவே. அவ போவா, வருவா. அப்புறம் ஒரு நாள் அவ தோலே கிழியும். தைக்கத் தெரியாது.

"அப்போ?"

வழியில இன்னொரு பெரியம்மா இருப்பா. அவளை மடியில வாங்கி, மெதுவாப் பிரிச்சு, இரும்பை மட்டும் எலும்புக்கு அனுப்புவா. அங்க ஒரு புதுக் குட்டி கேக்கும், "இது யாரோடது?"

"உங்க அக்காவோடது. வேணாம்னா வச்சிடு"ன்னு சொல்லுவா செவந்தியை வளர்த்த பெரியம்மா.

"குடு"ன்னு கை நீட்டும்.

அல்லி? ...ம்-கூட வரலியா?

செவந்தி கதை எலும்புக்குள்ள போயிடுச்சு. நீ போர்வைக்குள்ள போ. தூங்கு.