சிம்பு பிரித்து நட்ட வயல்

வெள்ளம் வடிந்த ஊரில் நடந்தது இது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கடைமடைப் பக்கம் பவுனம்மாள் என்று ஒருத்தி. புருஷன் இல்லை. குத்தகைக்கு எடுத்த வயல் ஒன்றுதான் பிழைப்பு. கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிப் பயிரில் பாதி அழுகிப்போயிற்று. தைக்குள் குத்தகை கட்டாவிட்டால் வயல் வேறு கைக்குப் போகும் என்று சொந்தக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். அரசாங்க நிவாரணம் வந்தால்தான் உண்டு.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்திருந்தால் நிவாரணம் என்றார்கள். திங்கட்கிழமை கிராம நிர்வாக அலுவலர் ஜோதிலிங்கம் வந்தார். பாதி வயல் அழுகிக் கிடந்ததை வரப்பில் நின்று பார்த்தார். வேளாண்மை அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று, எதையும் எழுதாமல் போய்விட்டார்.

பவுனம்மாளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பிழைத்த நெற்குத்துகளில் பக்கவாட்டில் கிளைத்திருந்த சிம்புகளைப் பிரித்து, அழுகிய இடமெல்லாம் நட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை அதிகாரி வரப்போகிறார் என்ற நேரத்தில் வயல் முழுக்கப் பச்சை.

பக்கத்து வயல் கலியமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரி பார்க்கட்டும் என்று தன் வயலை அழுகியபடியே போட்டு வைத்திருந்தவர் அவர்.

"பச்சையப் பாத்துட்டு எந்த ஆபீசர் அழிவுன்னு எழுதுவாரு தங்கச்சி? நட்டதப் பிடுங்கிப் போடு."

"நட்ட கையாலயா அண்ணே?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும், அவளுக்குத் தெரியாமல் கலியமூர்த்தியே இறங்கி, அவள் நட்டதை மட்டும் பிடுங்கி வரப்பில் எறிந்தார்.

அதிகாரி அம்மாள் ஜோதிலிங்கத்தோடு வந்தார். சேற்றில் கால்தடம் புதிதாக இருந்தது. யார் பிடுங்கியது என்று கேட்டார். கலியமூர்த்தி காலில் காயாத சேற்றைப் பார்த்ததுமே பவுனம்மாளுக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், ஏமாற்றப் பார்த்தார் என்று அவருடைய நிவாரணமும் சேர்ந்து போகும். அவர் வாய் திறப்பதற்குள் பவுனம்மாள், "நாந்தாம்மா" என்றாள். தானே அழித்த பயிருக்கு ஒன்றும் கிடையாது என்று அதிகாரி திரும்பி நடந்தார்.

அப்போது ஜோதிலிங்கம் சொன்னார்: "கை பிடுங்குனது இன்னைக்குத்தான் மேடம். வெள்ளம் முன்னாடியே எடுத்துடுச்சு. திங்கக்கிழமையே நான் பாத்தேன்."

உதவ நினைத்துப் பிடுங்கியவர் ஒருவர். செய்யாததைச் செய்தேன் என்றவள் ஒருத்தி. கண்டதைச் சொன்னவர் ஒருவர். இதில் யார் செய்தது சரி?

விடை: வெள்ளம் எடுத்தது எவ்வளவு என்பதுதான் அரசாங்கத்தின் கேள்வி. மறுபடி நட்டது அவள் பாடு. அதை இழப்பிலிருந்து கழித்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. கண்ணுக்குத் தெரிந்தால்தான் இழப்பு என்று கலியமூர்த்தி நம்பியது தப்பு. அவரைக் காப்பாற்றப் போய்ப் பவுனம்மாள் தன் நியாயத்தையே விட்டுக்கொடுத்தாள். ஜோதிலிங்கம் சொன்னதுதான் சரி. ஆனால் சொன்ன நாள் சரியில்லை. அதைத் திங்கட்கிழமையே எழுதியிருந்தால் யாரும் எதையும் பிடுங்கியிருக்க வேண்டாம். நிவாரணம் வந்தது, குத்தகையும் நிலைத்தது. பிடுங்கி எறிந்த சிம்புகள் வாடிப்போனதில், பாதி வயல் மட்டும் அறுப்புவரை வெறும் சேறாகவே கிடந்தது.