நாற்பத்தோரு பரங்கிப் பூ

"ரெண்டு வாரத்துல நாப்பத்தோரு பூ பூத்துச்சும்மா. ஒண்ணைக்கூட ஒருத்தரையும் தொட விடலை. ஒரு பிஞ்சும் நிக்கலை. ஏன்?"

கேட்டவர் வைத்திலிங்கம். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டைமாடியில் ஒரு பரங்கிக் கொடி வளர்க்கிறார். பூக்களை எண்ணாமல் அவருக்குப் பொழுது விடியாது.

கேட்டது பவுலினிடம். நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள். மயிலாடுதுறையில் மாடித்தோட்டம் போட்ட அத்தனை பேருக்கும் அவள்தான் குரு. தாடியும் கிடையாது, தண்டமும் கிடையாது. ஸ்கூட்டியில் வருகிற குரு.

தன்னைவிட முப்பது வயது சின்னவளிடம் சிஷ்யனாக நிற்பதில் வைத்திலிங்கத்துக்குக் கூச்சமில்லை. கொடி காய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பூ விரிந்திருக்கும்போது பார்க்க வேண்டும், காலையில் வருகிறேன் என்றாள் பவுலின்.

மறுநாள் ஆறரை மணிக்கு மாடி ஏறினாள். கொடியைச் சுற்றி, மேலும் கீழும் ஓட்டை இல்லாமல் கொசுவலை கட்டியிருந்தது.

"அணிலுக்கா சார்?"

"என் தங்கச்சிக்கு."

அந்தக் கதையை வைத்திலிங்கமே சொன்னார். தங்கை வேதவல்லிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் மனைவி காலமானதிலிருந்து காலை இட்லி அவள் கொண்டுவந்து கொடுப்பதுதான். மார்கழி பிறந்ததும், இட்லித் தூக்கை வைத்துவிட்டு மாடி ஏறி, கோலத்தில் சாணி உருண்டையில் செருக ஒரு பரங்கிப் பூவைப் பறித்துப் போக ஆரம்பித்தாள். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் நாலாம் நாள் வெடித்துவிட்டார். ஒரு பூ என்றால் ஒரு காய், என் அஞ்சு கிலோ காயைப் பிடுங்கி சாணியில் சொருகுகிறாயே என்று கேட்டார்.

வேதவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பூவை அவர் கையிலேயே வைத்துவிட்டுப் போனாள். பதினாறு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை.

இட்லி பெரிதில்லை. பேச ஆளில்லாமல் வீடு அவருக்கு வீடாகவே இல்லை. ஆனாலும் வீம்பு விடுமா? அன்றைக்கே வலை வாங்கிக் கட்டிவிட்டார்.

பவுலின் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே குனிந்து போனாள். ஏழு பூ விரிந்திருந்தது. ஒன்றைக் கிள்ளினாள். இன்னொன்றைக் கிள்ளினாள். ஆறு பூவைக் கிள்ளி அவருடைய இரண்டு கையிலும் போட்டாள்.

"அடியில பிஞ்சு இருக்கா, பாருங்க."

இல்லை. ஆறிலும் சாண் நீளத்துக்கு வெறும் காம்புதான் இருந்தது.

"இதெல்லாம் ஆண் பூ. எந்தக் காலத்துலயும் காய்க்காது."

பறிக்காமல் விட்ட ஏழாவது பூவைக் காட்டினாள். அதன் அடியில் கட்டைவிரல் அளவு பிஞ்சு இருந்தது. அவர் கையிலிருந்து ஓர் ஆண் பூவை எடுத்து, இதழ்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுவில் இருந்த மஞ்சள் தூளைப் பெண் பூவுக்குள் பதமாகத் தடவினாள்.

"இது தேனீ செய்யுற வேலை. நீங்க அதையும் உள்ள விடலை."

வைத்திலிங்கம் கையிலிருந்த பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேதவல்லி திருப்பிக் கொடுத்த பூ நினைவுக்கு வந்தது. அதற்கும் நீளக் காம்பு. முதல் மூன்று நாள் அவள் பறித்ததும் அப்படித்தான். பார்த்துப் பார்த்து ஆண் பூவைத்தான் பறித்திருக்கிறாள்.

"மீதி அஞ்சை என்னம்மா பண்றது?"

"மார்கழிதானே சார்" என்று சொல்லிவிட்டு பவுலின் படியிறங்கினாள்.

வைத்திலிங்கம் வலையை அவிழ்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, பூக்களோடு தங்கை வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் கோலம் பெரிதாக இருந்தது. நடுவில் சாணி உருண்டை மொட்டையாக இருந்தது. வேதவல்லி வாளியோடு நின்றிருந்தாள்.

வைத்திலிங்கம் பூக்களை நீட்டினார்.

"இது காய்க்காத பூன்னு எனக்குத் தெரியாது, வேதா."

அவள் பூக்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"காய்க்கிற பூவா இருந்தா குடுத்திருக்க மாட்டியாண்ணே?"

கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வைத்திலிங்கம் பூக்களைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் விடிந்தபோது கொடியில் ஒன்பது பூ. எட்டுக்கு நீளக் காம்பு. ஒன்றின் அடியில் பிஞ்சு. முதல் தேனீ வந்து சுற்றிக்கொண்டிருந்தது.

வைத்திலிங்கம் கையை நீட்டி ஒன்றைக் கிள்ளினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது வேதவல்லி கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அவர் கொடுத்த பூவை வாங்கி, சாணி உருண்டையில் செருகப் போனவள் நிறுத்தினாள். திருப்பிப் பார்த்தாள். பிஞ்சை விரலால் தொட்டாள்.

"அண்ணே, இது காய்க்கிற பூவாச்சே."

"தெரியும்" என்றார் வைத்திலிங்கம்.