பைன் காட்டில் கூப்பிட்ட பெயர்

ஜப்பானின் மேற்குக் கரையில் ஒரு பழைய பைன் காடு உண்டு. கடல் மணல் வயல்களை மூடிவிடக்கூடாது என்று முன்னோர்கள் நட்டு வளர்த்தது. அவர்கள் மொழியில் பைன் மரத்துக்கும் காத்திருப்பதற்கும் ஒரே சொல், மட்சு. அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மீனவர் இசாபுரோ மூன்று வருஷமாக உயிரோடு இருந்தார்.

அவருடைய ஒரே மகன் யசுகே புயலில் போனவன். படகின் பலகைகள் கரை ஒதுங்கின. அவன் ஒதுங்கவில்லை.

இசாபுரோவின் குரு ரியோசெய் என்ற பெண் துறவி. வயதில் அவருக்கு மகள் போல. ஆனாலும் அவர் 'தாயே' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு மாலை ரியோசெய் அவரைத் தேடிக் காட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்கள் மனைவிக்கு இன்று கஞ்சிகூட இறங்கவில்லை. கண்ணை மூடுவதற்குள் மகனுடைய நினைவுப் பலகை முன்னால் ஒரு ஊதுபத்தி ஏற்றிவிட வேண்டும் என்கிறார்."

"தெரியும்."

"செத்தவனுக்குரிய புதுப் பெயரை நான் வைத்தால்தான் பலகையில் எழுத முடியும். நீங்கள் சம்மதிக்க மாட்டேன் என்கிறீர்கள்."

"பெயர் வைத்தால் அவன் செத்துவிடுவான், தாயே."

இசாபுரோ பக்கத்து மரத்தின் மேல் கையை வைத்தார்.

"இந்த மரங்கள் எத்தனை தலைமுறையாகக் கடலைப் பார்த்துக் காத்து நிற்கின்றன. நான் மட்டும் காத்திருக்கக் கூடாதா?"

ரியோசெய் அவரைக் கடலோரத்து முதல் வரிசைக்கு அழைத்துப் போனார். உப்புக் காற்றில் ஊசி இலைகள் கருகிப் போயிருந்தன. பாதி மரங்கள் பட்டுவிட்டன.

"எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன?"

"கடலுக்கு முதுகைக் காட்டி, ஊர்ப் பக்கம்" என்றார் இசாபுரோ. சொல்லும்போதே அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மட்சு என்று இருந்த ஒரு சொல்லையும் பிடுங்கிக்கொண்டாளே என்று மனம் கொதித்தது.

அவர் கடலைப் பார்த்துத் திரும்பினார். தினமும் செய்வதுபோல் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "யசுகே" என்று கூப்பிட்டார். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். அலைச் சத்தம்தான் கேட்டது.

"புதுப் பெயர் எதற்காக வைக்கிறார்கள், தெரியுமா?" என்று கேட்டார் ரியோசெய்.

"எங்கள் அம்மா சொல்வாள். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். மேலே போக மாட்டார்களாம்."

சொல்லிவிட்டு இசாபுரோ சட்டென்று ரியோசெய் பக்கம் திரும்பினார்.

"அப்படியென்றால் நான் கூப்பிடுவது அவனுக்குக் கேட்கிறதா, தாயே?"

"கேட்கிறது."

கிழவரின் முகம் மலர்ந்தது. ரியோசெய்யால் அதைப் பார்க்க முடியவில்லை.

"திரும்பிப் பார்க்கிறானா?"

"நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறான். உங்களிடம் வரவும் முடியவில்லை, மேலே போகவும் முடியவில்லை."